‘இல்லை’ என்ற கட்டம்

“அக்கா, ஸ்டீயரிங் என்னைத் திட்டுது.”

சின்னவள் எப்போதும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறாள். ஓட்டுநர் சட்டையின் நடுப் பொத்தான் ஒன்று தெறித்துப்போய், அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

“என்னன்னு திட்டுது?”

“ஒண்ணு நீ இரு, இல்லேன்னா நான் இருக்கேங்குது. திருப்பத்துல வளைச்சா வயித்துல வந்து இடிக்குது. சீட்டைப் பின்னால தள்ளினா பிரேக்குக்குக் கால் எட்டல.”

பெரியவள் சிரித்தாள். தங்கை மேசைமேல் வைத்த கடிதத்தைப் படித்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பஸ் கம்பெனி மருத்துவர் எழுதியிருந்தார்: எடை நூற்றெட்டு கிலோ; ஐந்து மாதத்துக்குள் பன்னிரண்டு கிலோவாவது குறைய வேண்டும்; குறையாவிட்டால் வண்டி ஓட்டத் தகுதியில்லை.

“பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன்க்கா. ஒரு நாய்க்குட்டி மேலகூட ஏத்தினதில்ல. இப்ப வயிறு பெருசுன்னு இறங்கச் சொல்றாங்க.”

“வாயைக் கட்டுடீன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“கட்டாமலா இருந்தேன்? பசியில செத்தேன், ரெண்டு கிலோ போச்சு. ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன், மூணு கிலோ வந்துச்சு. எனக்கு முழிச்சிருந்தாலும் நஷ்டம், தூங்கினாலும் நஷ்டம்.”

இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். தாய் வேலைக்குப் போகும்போது சின்னவளைப் பெரியவளின் இடுப்பில் வைத்துவிட்டுப் போவாள். அந்த இடுப்பிலிருந்து சின்னவள் முழுசாக இறங்கவே இல்லை. நாற்பத்தாறு வயதிலும் அவளுக்கு எது வந்தாலும் முதலில் அக்காவிடம்தான் வரும். பிறகுதான் தச்சு வேலை செய்யும் கணவனிடம் போகும். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. “அண்ணி என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு உளியை எடுத்துக்கொள்வார்.

பெரியவளுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மூன்றாவது மாடியில் க்ளைம் பிரிவு. சிகிச்சை செய்துகொண்டவர்கள் பணம் கேட்டு அனுப்பும் படிவங்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவது. இருபத்தேழு வருஷமாக அதே நாற்காலி. பொடி எழுத்தையும் விடாமல் படிப்பதால் ஆபீசில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எதை எழுதக்கூடாது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பலூன் யோசனையும் அவளுடையதுதான்.

“கத்தி கிடையாது, தையல் கிடையாது. மாத்திரை மாதிரி ஒண்ணை முழுங்கணும். உள்ள போனதும் அதுக்குள்ள தண்ணி நிரப்புவாங்க. வயித்துல பாதியை அது அடைச்சுக்கும். ரெண்டு வாய் சாப்பிட்டா நிறைஞ்ச மாதிரி இருக்கும். நாலு மாசத்துல அதுவே உடைஞ்சு வெளிய போயிடும்.”

“எந்த வழியா?”

“வேற எந்த வழியா? போற வழியாத்தான்.”

“ஆமா, பலூனுக்கு மட்டும் தனி ரூட்டா போடுவாங்க.” சின்னவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். “எவ்வளவு ஆகும்?”

பெரியவள் சொன்னாள். சின்னவளின் எட்டு மாதச் சம்பளம்.

“தண்ணி நிரப்பின பலூனுக்கா? நான் குழாயடியில நின்னு நானே நிரப்பிக்கிறேனே.”

“நீ ஒரு காசும் குடுக்க வேண்டாம். உங்க கம்பெனி இன்சூரன்ஸ் எங்க ஆபீஸ்லதான் இருக்கு. விதி எனக்குத் தெரியும்.”

விதி அவளுக்கு மனப்பாடம். எடை குறைப்பை அழகுக்காகச் செய்துகொண்டால் பணம் கிடையாது. மூட்டு தேய்ந்து, எடையால் வேலைக்கு இடைஞ்சல் என்று கம்பெனி மருத்துவர் எழுதினால் உண்டு. சின்னவளுக்கு முட்டி தேய்ந்திருந்தது. கடிதமும் கையில் இருந்தது. எல்லாம் கனிந்து வந்ததுபோலத்தான் இருந்தது, கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தவிர. வயிற்றில் முன்பே புண்ணோ ரத்தக்கசிவோ இருந்தவர்களுக்குக் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெரியவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். நிரப்பியது பெரியவள்தான். சின்னவள் எதிரில் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது கேள்விக்கு வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு சுத்தமான குறி விழுந்தது.

சின்னவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“அக்கா, எனக்குப் புண்ணு இருந்துச்சே. ரத்த வாந்தி எடுத்தேனே. நீதானே கூட இருந்தே.”

“அது ஆறிப்போன கதை.”

“ஆனா இருந்துச்சில்ல?”

“இருக்கான்னு கேக்குறாங்களா, இருந்துச்சான்னு கேக்குறாங்களா?”

“இருந்துச்சான்னுதான் போட்டிருக்கு.”

“ஓட்டுறது நீ, எழுதுறது நான். பஸ்ஸுல ஏறி எப்பவாவது உனக்குக் கியர் போடச் சொல்லிக்குடுத்திருக்கேனா?”

சின்னவள் சிரித்துவிட்டாள். “நீ சொன்னா சரி.”

வலி மாத்திரை தினமும் சாப்பிடுவது உண்டா என்பது எட்டாவது கேள்வி. முட்டிக்காகச் சின்னவள் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் போட்டுக்கொள்கிறாள் என்பது பெரியவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்பார்கள். ஒன்றைத் தொட்டு ஒன்று, கடைசியில் புண்ணில் வந்து நிற்கும். அங்கேயும் ‘இல்லை’.

அவளுக்கு அதில் உறுத்தல் எதுவும் இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் அவள் பார்த்த படிவங்களெல்லாம் ஒரே ஒரு மேசைக்குத்தான் வந்து சேர்ந்தன. அது அவளுடைய மேசை. படிவம் என்றால் பணம் கொடுக்க மனமில்லாதவன் கேட்கும் கேள்வி. அதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல வேண்டும். வேறு யாரும், வேறு எதற்காகவும் அதைப் படிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. பக்கத்து மேசைக்காரர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். “பூதக்கண்ணாடி எழுதின படிவத்துல நான் என்னத்தப் பார்க்கப்போறேன்?” என்று சிரித்தபடி நீட்டினார்.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு இளம்பெண். அவசரப்படாமல் பேசினாள். பெரியவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“முதல் மூணு நாள் கஷ்டமா இருக்கும்மா. வாந்தி வரும், வயித்தைப் பிடிச்சு இழுக்கும். ஏன்டா முழுங்கினோம்னு என்னைத் திட்டுவீங்க. அதுக்கு மாத்திரை தர்றேன். அப்புறம் நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் இருக்கலாம். அபூர்வமா பலூன் முன்னாடியே சுருங்கிக் குடல்ல மாட்டலாம். அபூர்வமா வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா, காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே வரணும்.”

“சரிங்க.”

“சிலருக்கு முதல்ல வாய் வழியா கேமராக் குழாய் விட்டு வயித்தைப் பார்த்துட்டுத்தான் பலூன் வைப்போம்.” டாக்டர் மேசையிலிருந்த கோப்பைத் திறந்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. “உங்களுக்குப் புண்ணு எதுவும் இருந்ததில்ல. வலி மாத்திரையும் இல்ல. அப்ப அது தேவையில்ல.”

அவள் கையில் இருந்தது அந்தப் படிவத்தின் இன்னொரு பிரதி. பெரியவளின் கையெழுத்து, பெரியவளின் சுத்தமான குறி.

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். கேள்வி கேட்கும் பார்வைகூட இல்லை. சாலையைக் கடக்குமுன் கையைப் பிடித்திருப்பவளின் முகத்தைக் குழந்தை பார்க்குமே, அப்படி. பெரியவள் மூலையில் இருந்த எடை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஒரு குழாய், கால் மணி நேரம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அனுமதி போகும், பலூன் போகும், ஸ்டீயரிங் போகும். ஆறின புண் ஆறினதுதானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா எல்லாரும் வாயை மூடுன்னாங்க,” என்றாள் சின்னவள், மாத்திரையும் அதன் வாலாகத் தொங்கிய மெல்லிய குழாயும் எதிரில் வந்தபோது. “நீங்க ஒருத்தர்தான் வாயைத் திறன்னு சொல்றீங்க.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். எக்ஸ்-ரேயில் மாத்திரை இருக்குமிடத்தைப் பார்த்து, தண்ணீர் நிரப்பி, குழாயை உருவினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. டாக்சியில் திரும்பும்போதே சின்னவள் முகம் வெளிறிவிட்டது.

மூன்று நாள் அவள் வாளியும் கையுமாகக் கிடந்தாள். தச்சர் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணி, பச்சத் தண்ணிகூட நிக்க மாட்டேங்குது. எடுக்கச் சொல்லிடலாமா?”

“டாக்டர் மூணு நாளுன்னாங்க தம்பி. பல்லைக் கடிச்சுக்கணும்.”

“பல்லைக் கடிச்சுக்கிறது அவ.” அவர் வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். நிறையப் பேசுகிற ஆளில்லை.

நான்காம் நாள் வாந்தி நின்றது. இரண்டாவது வாரத்தில் சின்னவள் வேலைக்குத் திரும்பினாள். நான்கு கிலோ இறங்கியிருந்தது. ஊக்கு குத்திய சட்டைக்குப் புதுப் பொத்தான் வந்தது. ஸ்டீயரிங்கும் வயிறும் சமாதானமாகிவிட்டதாக அக்காவுக்குப் போன் செய்து சொன்னாள். “நடுவுல ஒரு கை போற அளவுக்கு இடம் இருக்கு. நேத்து கையை விட்டுப் பார்த்தேன். பின் சீட்டுல இருந்த அம்மா என்ன நினைச்சாங்களோ.”

பெரியவளுக்கு அன்று முழுவதும் சந்தோஷத்தில் நிலை கொள்ளவில்லை. நாம் செய்தது இது என்று ஆபீசில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டாள்.

மூன்றாவது வாரம் முடியும்போது, ஒரு காலை பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது.”

“சொல்லு.”

“கறுப்பாப் போகுது. ரெண்டு நாளா.”

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள். டாக்டரின் குரல் அப்படியே காதில் கேட்டது: தார் மாதிரி, அன்னைக்கே வரணும். அதற்குப் பின்னாலேயே, இருபத்தேழு வருஷப் பழக்கத்தில், இன்னொரு விதியும் ஓடி வந்தது. சிகிச்சை முடிந்து முப்பது நாளுக்குள் திரும்பவும் மருத்துவமனையில் சேர்ந்தால், கோப்பை முதலிலிருந்து பிரித்துப் பார்ப்பார்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடுவார்கள். அன்று இருபதாம் நாள்.

“இரும்புச் சத்து மாத்திரை குடுத்திருந்தாங்கல்ல?”

“ஆமா.”

“அதைச் சாப்பிட்டா கறுப்பாத்தான் போகும்.”

“அப்படியா? கொஞ்சம் மயக்கமாவும் இருக்கு.”

“சாப்பாடு குறைஞ்சிருக்கு, மயக்கம் வராதா? பத்து நாள் போகட்டும், ஒரு நடை காட்டிட்டு வரலாம்.”

“பத்து நாள் என்னக்கா கணக்கு?”

“அது ஒரு கணக்கு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

போனில் சின்னவள் மூச்சு விடுவது கேட்டது. “நீ சொன்னா சரி.”

அதன்பின் வந்த மூன்று நாட்களையும் பெரியவள் பிற்பாடு எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறாள். முதல் நாள் அவள் ஆபீசில் மற்றவர்களின் படிவங்களைத் திருத்தினாள். இரண்டாம் நாள் போன் செய்ய ரிசீவரை எடுத்தாள். செய்தால் சின்னவள் என்ன சொல்வாள் என்று பயந்து வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் போன் தானாக வந்தது. பேசியது தச்சர்.

“அண்ணி, வண்டியிலேயே விழுந்துட்டா.”

நடந்ததைக் கண்டக்டர்தான் மருத்துவமனை வாசலில் சொன்னார். மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது டிரைவரம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. என்னம்மா என்று கேட்டேன், பேசாமல் இருந்தார்கள். இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒதுக்கி, கை பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார்கள். ஹாரன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

“ஐம்பத்திரெண்டு பேரும்மா,” என்றார் கண்டக்டர். “ஒருத்தருக்குக் கீறல் இல்ல.”

உள்ளே சின்னவளுக்கு வாயிலும் ரத்தம் வந்திருந்தது. அதே இளம் டாக்டர் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். கையில் அதே கோப்பு.

“கூட இருக்கிறது யாரு? அவங்களுக்கு முன்னாடி எப்பவாவது வயித்துல புண்ணு இருந்ததா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? சீக்கிரம் சொல்லுங்க.”

தச்சர் பெரியவளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தைய கதை அது. அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

“இருந்துச்சு,” என்றாள் பெரியவள். “ரத்த வாந்தி எடுத்தா. நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. முட்டி வலிக்குத் தினமும் ரெண்டு மாத்திரை சாப்பிடுறா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

டாக்டர் கோப்பைப் பார்த்தாள். “இதுல இல்லைன்னு போட்டிருக்கே.”

“நான்தான் போட்டேன்.”

“எதுக்கு?”

“அது இன்சூரன்ஸுக்குன்னு நினைச்சேன்.”

டாக்டருக்குக் கோபப்பட நேரமில்லை. பாதி திரும்பியவள் சொன்னாள்: “அதை நாங்களும்தாம்மா படிக்கிறோம். அதை நம்பித்தான் கேமரா விடாம வெச்சேன்.” கதவு மூடிக்கொண்டது.

பெரியவள் சுவரோரம் உட்கார்ந்தாள். தச்சர் நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

“மூணு நாள் முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணினாளே, கறுப்பாப் போகுதுன்னு. என்கிட்ட சொன்னா, அக்கா பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டான்னு.”

“ஆமா தம்பி.”

“பார்த்தீங்களா?”

அதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

பலூனை வாய் வழியாகவே எடுத்தார்கள். புண்ணின் வாயை உள்ளிருந்தே அடைத்தார்கள். ஐந்து பாட்டில் ரத்தம் ஏறியது. சின்னவள் பிழைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று வந்தவர்கள் சொன்னார்கள். பெரியவளுக்கு மட்டும் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான் நினைவுக்கு வந்தது. வண்டி ஓட்டும்போது நினைவு தப்பியவரை மறுபடி ஓட்ட விடுவதில்லை என்பது பஸ் கம்பெனியின் விதி. அதில் பொடி எழுத்து எதுவும் கிடையாது. எந்த ஸ்டீயரிங்கைக் காப்பாற்ற எல்லாம் செய்தாளோ, அது போயே போய்விட்டது.

பெரியவள் மேலதிகாரியிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். க்ளைமை ரத்து செய்து கடிதம் வந்தது. ‘தங்கள் உடல்நிலை குறித்த உண்மை மறைக்கப்பட்டமையால்’ என்று தொடங்கும் அந்த வாக்கியம், பல வருஷங்களுக்கு முன் அவளே எழுதிக் கொடுத்த மாதிரி வாக்கியம். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. பலூன் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அவள் தன் ஓய்வுப் பணத்திலிருந்து கட்டினாள். ஓய்வு இரண்டு வருஷம் முன்னதாகவே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் வாசல்வரை வந்தார். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. “போய்ட்டு வாங்கம்மா,” என்றார்.

சின்னவளை டிக்கெட் கவுண்டரில் போட்டார்கள். சேருவதற்கு முந்தின சாயங்காலம் பெரியவள் அவள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் மெலிந்திருந்தாள். இப்போது தேவைக்கு மேலேயே மெலிந்திருந்தாள். சட்டை தோளில் தொங்கியது.

“வாக்கா. கவுண்டர்ல கண்ணாடியில ஒரு ஓட்டை இருக்கு தெரியுமா? கை மட்டும்தான் போகும். இனிமே எவ்வளவு குண்டானாலும் யாருக்கும் தெரியாது.”

பெரியவள் சிரிக்க முயன்றாள். சின்னவளும் அதை வற்புறுத்தவில்லை. மேசைமேல் புது வேலைக்கான படிவம் கிடந்தது, நாலு பக்கம். பழக்க தோஷம், பெரியவளின் கை தானாகப் பேனாவிடம் போனது.

சின்னவள் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பரவாயில்லக்கா. நானே எழுதிக்கிறேன்.”

குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் பெரியவளுக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். உள்ளறையில் தச்சர் எதையோ இழைக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி தொடங்கியது.

சின்னவளுக்கு எழுதிப் பழக்கமில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியே வழிய எழுதினாள். இரண்டாவது பக்கத்தில் உடல்நிலைக் கேள்விகள் வந்தன. புண், ரத்தக்கசிவு. ‘ஆம்’ என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறி போட்டாள். காகிதம் கிழிந்துவிடும் போலிருந்தது. அதன் பக்கத்தில், எப்போது என்று விவரம் கேட்டு ஒரு கோடு இருந்தது. சின்னவள் யோசித்தாள், விரல் விட்டு எண்ணினாள், பிறகு நிமிர்ந்தாள்.

“இப்ப வந்தது சரி. அந்தப் பழசு எப்பக்கா? எனக்கு வருஷமே ஞாபகம் இல்ல.”

பெரியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. மழைக்காலம் தொடங்கி ரெண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. நாலாவது வார்டு, ஜன்னலோரக் கட்டில். நீ தண்ணி கேட்டே. நர்ஸ் தரக்கூடாதுன்னுட்டாங்க. விடிய விடியப் பஞ்சை நனைச்சு உன் உதட்டுல வெச்சுக்கிட்டே இருந்தேன்.”

சின்னவள் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

“எல்லாம் ஞாபகம் இருக்கு உனக்கு,” என்றாள்.

“இருக்கு.”

சின்னவள் தலையைக் குனிந்து கோட்டின் மேல் வருஷத்தை எழுதத் தொடங்கினாள்.